தேவதாசன் அதைக் கேட்ட நாள்

வண்ணார்பேட்டை,
1911 ஜூன் 12

என் தம்பி பெண்சாதி ஜெபராணிக்கு ஞானவடிவு எழுதுவது.

இங்கே தேவகிருபையால் எல்லாரும் சுகம். மாடு கன்று சுகம். நீ திருப்பி அனுப்பின வெற்றிலைத் தட்டும் சுகமாய் வந்து சேர்ந்தது. பழம் மட்டும் வழியில் கறுத்துப்போயிற்று. வண்டிக்காரன் தட்டை நடையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே மாட்டைப் பூட்டிக்கொண்டு போனான். எதிர்வீட்டுக்காரி அதற்கென்றே காத்திருந்தவள் போல வந்து, “என்னக்கா, போன சீர் அப்படியே வந்திருக்கு? யாரும் செத்துகித்துப் போயிட்டாகளா?” என்று கேட்டாள். “ஆமா, என் மரியாதை செத்துப்போச்சு”ன்னு சொல்லி அனுப்பினேன்.

நான் உன் மகள் தங்கபுஷ்பத்தை யாசகமாகக் கேட்கவில்லை. என் உடன்பிறந்தவன் மகள். என் மகன் அப்பாத்துரைக்கு முறைப்பெண். அவள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது தேவதாசன் என் கையில் தூக்கிக் கொடுத்து, “அக்கா, இது உன் வீட்டுப் பிள்ளை, எங்களுக்கு வளர்க்கக் குடுத்திருக்கே” என்று சொன்னான். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அவன் போய்ப் பன்னிரண்டு வருஷமானால் அவன் சொல்லும் போய்விடுமா?

அப்பாத்துரைக்கு என்ன குறை? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மராமத்து இலாகா வேலை. வெற்றிலை கூடப் போட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவன் பாடினால் கடைசி வரிசைக் கிழவிகள் கூட விழித்துக்கொள்ளுகிறார்கள். எங்களுக்குக் கொடுக்க மனமில்லையென்றால் காரணத்தை எழுது. நான் பேரன் பேத்தி எடுத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்தவள். எழுதினால் எனக்குப் புரியும்.

ஞானவடிவு


ஏரல்,
ஜூன் 20

மதினி அவர்களுக்கு ஜெபராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

தட்டைத் திருப்பினது உங்களைச் சிறுமைப்படுத்துவதற்கு அல்ல. அப்பாத்துரையைக் குறை சொன்னால் என் நாக்கு வெந்துபோகும். அவனுக்கு மட்டுமல்ல, தங்கத்தை யாருக்குமே நான் கொடுக்க முடியாது. அவளை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இதை உங்களிடம் சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லாமல் தீராது.

தங்கத்துக்கு நாலு வயதில் குளிர்காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி, அவுகளும் அதே காய்ச்சலில் எதிர்க்கட்டிலில் கிடந்தாக. கம்பவுண்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பையைக் கட்டினார். விளக்கு வைக்கிற நேரம். நான் முழங்கால் போட்டு, சத்தமாகவே பொருத்தனை பண்ணினேன். “ஆண்டவரே, இவ பிழைச்சா இவளுக்குக் கலியாணம் பண்ண மாட்டேன். வீடுவீடாப் போய் உம்ம வேதத்தை வாசிக்கிற ஊழியத்துக்கே விட்டுருதேன்” என்று சொன்னேன். விடியுமுன் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டுவிட்டது.

அவுகளை அன்று காலையில் வண்டியில் உங்களிடம் அனுப்பினேன். நீங்கள்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டிப் பிழைக்க வைத்தீர்கள். அவுக திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். குருவானவர் என் பொருத்தனையைச் சபைக்கு அறிவித்தார். வெளியே வந்ததும் கோவில் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால் அவுக, “என் பிள்ளையை யாரைக் கேட்டு நேர்ந்துவிட்டே? இது செல்லாது. நான் சம்மதிக்க மாட்டேன்”ன்னு சத்தம் போட்டாக.

இரண்டு வருஷம் கழித்து வெள்ளம் வந்தது. அவுகளை எடுத்து அடக்கம் பண்ணின அன்று என் காதுபடப் பெண்கள் பேசினார்கள். “தேவனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டாம்லா. அனனியா கதைதான்.” நான் மறுத்துப் பேசவில்லை. என் மனசும் அதையே சொல்லிற்று.

குருவானவரிடம் ஒரு தடவை கேட்டேன். இது கிருபையின் காலம் அம்மா, பயப்படாதே என்றார். காணிக்கையில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அனனியாவும் சப்பீராளும் கிருபையின் காலத்தில்தானே விழுந்து செத்தார்கள் என்று கேட்டேன். அவர் ஜெபம் பண்ணி என்னை அனுப்பிவிட்டார்.

ஒருவரை இழந்துவிட்டேன். கீழ்ப்படியாமல் மகளையும் இழக்கச் சொல்லாதேயுங்கள்.

ஜெபராணி


வண்ணார்பேட்டை,
ஜூன் 27

ஜெபராணி,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் வாசிக்கக் கேட்டேன். நானே வாசித்தால் பாதியில் கிழித்துப் போட்டிருப்பேன்.

என் தம்பி எப்படிச் செத்தான்? அடுத்த தெருக்காரனுடைய உழவு மாடு வெள்ளத்தில் போகிறது என்று எல்லாரும் கரையில் நின்று கூப்பாடு போட்டபோது, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்தவன் அவன் ஒருவன். மாடு கரையேறிற்று. அவன் ஏறவில்லை. அந்தத் தண்ணீருக்குள் கர்த்தர் கையை விட்டு என் தம்பியை அமுக்கினார் என்றா எழுதுகிறாய்? மாட்டுக்கு இரங்கினவர் மனுஷனுக்கு இரங்க மாட்டாரா?

அவனைப் பெற்றவள் செத்தபிறகு இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். ஊரில் நாலு பெண்கள் பேசினால் நீ கேட்டுக்கொண்டு நிற்பாயா? நானாயிருந்தால் அடக்க வீடு என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

பெண் வேண்டாம். சம்பந்தமும் வேண்டாம். இனி எனக்குக் கடிதம் போடாதே.

ஞானவடிவு

தங்கம் போன வருஷம் பார்த்தபோது மெலிந்திருந்தாள். அவளுக்குப் பசும்பால் கொடுக்கிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.


ஏரல்,
ஜூலை 4

மதினி அவர்களுக்கு.

பால் கொடுக்கிறேன்.

ஜெபராணி


வண்ணார்பேட்டை,
செப்டம்பர் 3

ஜெபராணிக்கு,

நான் எழுதாதே என்றால் நீ எழுத மாட்டாயா? நல்ல கீழ்ப்படிதல்! இரண்டு மாதமாகத் தபால்காரன் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலில் எனக்கு ஏதாவது வேலை வந்துகொண்டிருந்தது. போகட்டும். இப்போது எழுத வேண்டிய விஷயம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு வேதத்தை முதலிலிருந்து வரிசையாக வாசிக்கிறது வழக்கம். மற்ற வீடுகளில் வம்ச வரலாறு, பலி, கூடாரத்தின் அளவு எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துச் சங்கீதத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் ஒரு வரி விட மாட்டேன். அப்பாத்துரை லீவில் வந்திருந்தால், “அம்மா, கஞ்சி ஆறுது” என்பான். “கர்த்தர் பேசுதாரு. கஞ்சி காத்துக்கிடக்கட்டும்லே” என்பேன்.

முந்தாநாள் எண்ணாகமம் முப்பதாம் அதிகாரம். வாசித்துக்கொண்டே வந்தவளுக்குக் குரல் நின்றுபோயிற்று. என் வீட்டுக்காரர், “என்னட்டி, எழுத்து தெரியலையா? கண்ணாடியைப் போடு” என்றார். “எழுத்து தெரியுது. அதான் நின்னுட்டேன்” என்றேன்.

ஜெபராணி, அந்த அதிகாரம் முழுக்கப் பெண்பிள்ளைகள் பண்ணுகிற பொருத்தனையைப் பற்றித்தான். புருஷன் வீட்டில் இருக்கிற பெண் ஒரு பொருத்தனை பண்ணினால், புருஷன் அதைக் கேட்கிற நாளிலே வேண்டாம் என்று தடுத்துவிட்டால், அது செல்லாது. அவள் அதை நிறைவேற்ற வேண்டியதில்லை. கர்த்தரே அதை அவளுக்கு மன்னித்துவிடுகிறாராம். விதவையின் பொருத்தனை நிற்கும் என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் ஊர் உபதேசியார் அதைப் பிடித்துக்கொண்டு வருவார். வந்தால் சொல், நீ அதைப் பண்ணும்போது விதவையில்லை. புருஷன் எதிர்க்கட்டிலில் இருந்தான்.

புருஷனுக்கு இவ்வளவு அதிகாரமா என்று எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் யோசித்துப் பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வாயில் என்னதான் வராது? உயிரையே எழுதிக் கொடுப்பாள். அதையெல்லாம் பிடித்துவைத்து வசூல் பண்ணுகிறவர் நம் கர்த்தர் இல்லை என்று அந்த அதிகாரத்தைப் பார்த்தால் தெரிகிறது. வீட்டுக்குள் ஒருத்தர் பதறினால் இன்னொருத்தர் நிதானிக்கட்டும் என்று வழி வைத்திருக்கிறார். தேவதாசன் கோவில் வாசலில் போட்ட சத்தம் கலகம் அல்ல. அவனுக்குக் கொடுத்த வேலையைச் செய்தான்.

சந்தோஷத்தில் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். கஞ்சியும் அன்றைக்குச் சூடாகக் குடித்தோம்.

நீ எனக்கு உடனே பதில் எழுத வேண்டும்.

ஞானவடிவு


ஏரல்,
செப்டம்பர் 15

மதினி அவர்களுக்கு ஜெபராணி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்த அன்றே தங்கத்திடம் கூடச் சொல்லாமல் உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். “அந்த அதிகாரத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்றேன். அவர் வாசித்தார். நீங்கள் எழுதினபடியே இருந்தது. நான் அழுதுகொண்டே கேட்டேன். அவர் நிறுத்தாமல் மேலே வாசித்தார்.

ஒரு வரி விடாமல் வாசிக்கிற நீங்கள் அன்றைக்கு மட்டும் ஏன் புத்தகத்தை மூடினீர்கள் மதினி? அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. புருஷன் அதைக் கேட்டும் ஒன்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினால் அவன் சம்மதித்ததாகவே ஆகும். அப்படிக் கேட்டுச் சும்மாயிருந்தவன் பிற்பாடு வந்து தடுத்தால், அவளுடைய குற்றத்தை அவன் சுமப்பான். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அவுக அன்றைக்கே கேட்டாக மதினி. நான் சொன்னேனே, எதிர்க்கட்டிலில்தான் கிடந்தாக. நான் சத்தமாகச் சொன்னேன். முழங்காலில் இருந்து எழுந்து திரும்பினால், கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாக. “உங்களுக்குச் சம்மதம்தானே?”ன்னு கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாக. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்தபிறகும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். அவுக வேண்டாமென்று சொன்னது கோவில் வாசலில். அதற்குள் எத்தனையோ நாள் கடந்துபோயிற்று.

இதுவரைக்கும் எனக்கு ஒரு ஓரத்தில் சந்தேகமாவது இருந்தது. ஊர்ப்பேச்சுதானே, தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதுதானே என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன். இப்போது வேதத்திலேயே எழுதியிருக்கிறது. என் குற்றத்தை அவுக சுமந்துகொண்டு ஆற்றில் போனாக. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்லதற்கென்றுதான் எழுதினீர்கள். ஆனால் இந்த அதிகாரத்தை நீங்கள் திறக்காமலே இருந்திருக்கலாம்.

தங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்று கேட்கிறாள். தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜெபராணி


வண்ணார்பேட்டை,
செப்டம்பர் 18

ஜெபராணி, என் கண்ணே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது, கொதிக்கட்டும். இதை இன்றைய தபாலிலேயே சேர்க்க வேண்டும்.

அந்த அதிகாரத்தை மூடினது என் குற்றம்தான். என் மகிழ்ச்சியில் உன்னைக் குழியில் தள்ளிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ பொருத்தனை பண்ணினது அவனை வண்டியேற்றி அனுப்பினதற்கு முந்தின சாயங்காலம். அப்படித்தானே? மறுநாள் பொழுது சாய அவன் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். இறங்கும்போது உன் புருஷனுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. இரண்டும் அடைத்துச் சுவர் மாதிரி இருந்தது.

நான் வண்டிப் பக்கம் ஓடிப்போய், “ஏலே, பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “வண்டிக்காரனுக்குச் சோறு போடு” என்றான். “பிள்ளையைக் கேக்கேம்லே!” “இல்லக்கா, வழியில மழை இல்லை.” புத்தி பேதலித்துவிட்டது என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர்தான் பைய அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பித்தளைச் சருவத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். தெரு நாய் எழுந்து ஓடிற்று. தேவதாசன் திரும்பவில்லை.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்று. உங்கள் வீட்டில் கூடமாட நின்ற அந்த வண்டிக்காரன் மீதி மருந்தை எடுத்துக் காட்டினான். “கம்பவுண்டர் முந்தாநாளிலிருந்தே ரெண்டு மடங்கு குடுத்தாரு, அப்பம் பிடிச்சே இவுக ஒண்ணுக்கும் பதில் பேசல”ன்னு அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த மருந்து அதிகமானால் காதுக்குள் இரைச்சல் எடுத்து ஒன்றும் கேட்காதாம். மருந்தை நிறுத்தினால் பைய சரியாகும் என்றார்.

அதுவரைக்கும் அப்பாத்துரையின் பள்ளிக்கூடப் பலகையில்தான் அவனோடு பேச்சு. நீ ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாயே, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடிக்கிறாள் என்று. நான் பலகையில், “பிள்ளை பிழைத்துக்கொண்டாள்” என்று எழுதிக் காட்டினேன். அவன் அதை வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு பலகையைப் பிடுங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு அப்படி அழுதான். அப்பாத்துரை வீட்டுக்கணக்கு எழுதப் பலகையைக் கேட்டான். “அழிக்கப்பிடாது”ன்னு அவன் கொடுக்கவே இல்லை. எதற்கு அவ்வளவு அழுகை என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிள்ளை மேல் உயிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் நான் வழக்கம்போல அவன் காதுக்குள் போய்ச் சத்தம் போட்டேன். “எதுக்குக்கா இப்படிக் கத்துதே? எனக்கு என்ன செவிடா?” என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது. ஊருக்குப் புறப்படும்போது, “செவிடாக் கிடந்தேன்னு எங்க ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதேக்கா. கேலி பண்ணியே கொன்னுருவானுவ” என்றான். உன்னிடமும் அவன் சொல்லியிருக்க மாட்டான். அந்தப் பயலுக்கு அவ்வளவு ரோஷம். எங்கள் குடும்பத்து ரோஷம்.

ஆகவே உன் பொருத்தனை அவன் காதில் விழவில்லை. கோவிலில் குருவானவர் அறிவித்தபோதுதான் முதல்முதலாகக் கேட்டான். கேட்ட அன்றைக்கே, ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்த உடனே தடுத்தான். இதற்கு மேல் சீக்கிரமாக யாராலும் தடுக்க முடியாது.

நான் என் மகனுக்காக ஜோடித்து எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். தங்கத்தை அப்பாத்துரைக்குத் தர வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் கொடு. யாருக்கும் கொடுக்காமலும் இரு. ஆனால் என் தம்பி குற்றம் சுமந்து செத்தான் என்று இனி ஒரு நாளும் நினைக்காதே. அவனை வண்டியேற்றின காலையில் உன்னிடம் ஏதாவது பேசினானா? நீ சொன்னதற்குப் பதில் சொன்னானா? உன் மனசையே கேட்டுப் பார்.

ஞானவடிவு

உலை வழிந்து அடுப்பு அவிந்துபோயிற்று.


ஏரல்,
அக்டோபர் 9

என் பிரியமுள்ள மதினி அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதம். முதல் சில நாள் எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு தூங்கிக்கொண்டே இருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பகலில் கூடத் தூங்கினேன். தங்கம் பயந்துபோய்க் கம்பவுண்டரைக் கூப்பிடப் பார்த்தாள்.

நீங்கள் கேட்டபடி என் மனசைக் கேட்டேன். அந்தக் காலை அப்படியே வந்து நின்றது. அவுகளைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்கள். ராத்திரி முழுக்க அழுத முகத்தோடு நான் ஓடிப்போய், “பிள்ளைக்கு வேர்த்திருக்கு, காய்ச்சல் விட்டுட்டு”ன்னு சொன்னேன். அவுக என் முகத்தையே பார்த்தாக. அப்புறம், “பிள்ளையை எப்பம் அடக்கம் பண்ணப் போறிய? நான் வந்துருதேன், இருங்க”ன்னு சொன்னாக. ஜன்னியில் பிதற்றுகிறாக என்று வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொன்னேன். இத்தனை வருஷமும் அதை ஜன்னி என்றே வைத்திருந்தேன்.

மதினி, என் அழுகையைப் பார்த்துப் பிள்ளை செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஏரலிலிருந்து வண்ணார்பேட்டை வரைக்கும் வண்டியில் கிடந்திருக்கிறாக. நீங்கள் எழுதிக் காட்டின பலகையில்தான் அவுகளுக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்திருக்கிறாள். அப்படிக் கிடைத்த பிள்ளையை நான் கோவிலில் கொண்டு நிறுத்தி, இவள் இனி நமக்கு இல்லை என்று அறிவித்தால், அவுக சத்தம் போடாமல் என்ன செய்வாக? நானாயிருந்தாலும் போட்டிருப்பேன்.

குருவானவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்து எல்லாம் சொன்னேன். அவர் அதிகாரத்தைக் கடைசி வசனம் வரைக்கும் நின்றுகொண்டே வாசித்தார். “கேட்ட நாளிலேயே தடுத்துட்டாரும்மா. உன் பொருத்தனை அன்னைக்கே விழுந்துபோச்சு. கர்த்தர் அன்னைக்கே உன்னை மன்னிச்சுட்டாரு. நீதான் இவ்வளவு வருஷமா வாங்கிக்கிடாம இருந்திருக்கே” என்றார். வாசலில் நின்று அதைக் கேட்ட ஒருத்தி, அன்றைக்கு அனனியா கதை பேசினவள்தான், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நீங்களாயிருந்தால் கேட்டிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு தங்கத்தை உட்காரவைத்துச் சொன்னேன். பொருத்தனை, கோவில் வாசல், வெள்ளம், ஊர்ப்பேச்சு எல்லாம் சொன்னேன். “உங்க அய்யா குற்றத்தில சாகலட்டி”ன்னு சொல்லி அழுதேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியுமே. மாட்டைக் காப்பாத்தப் போனவுகளை யாராச்சும் தண்டிப்பாகளா? நீங்க ஒரு நாளும் என்கிட்ட கேக்கலையேம்மா” என்றாள்.

அப்பாத்துரை விஷயத்தையும் கேட்டேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “சரிம்மா. ஆனா இப்பம் தெருத்தெருவாப் போய்ப் பொம்பளையளுக்கு வேதம் வாசிச்சுட்டு வாறேம்லா, அதை நான் விட மாட்டேன். நீங்க நேர்ந்ததுக்காக இல்ல, எனக்கே பிடிச்சிருக்கு. அத்தான்ட்ட முதல்லயே சொல்லிருங்க” என்றாள். ஆகவே முதலிலேயே சொல்லுகிறேன். அப்பாத்துரை இதற்குச் சம்மதித்தால் மழைக்கு முன்னால் நீங்களும் அண்ணனும் வாருங்கள். கோவிலில் கலியாண ஓலை வாசிப்பதை, கலியாணம் வைக்கக்கூடாத அட்வெந்து நாட்களுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று குருவானவர் சொல்லுகிறார்.

இன்னும் ஒன்று. அவுக போனபின் நான் ஆற்றுப்பக்கம் போனதில்லை. நம் தெருக் கிணறு உப்பு. அதையேதான் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம். தங்கமும் ஏன் என்று கேட்டதில்லை. நேற்றுச் சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, தெளிவாகவும் இருந்தது. குடத்தை முக்கி எடுத்துவந்து அந்தத் தண்ணீரில் சோறு பொங்கினேன். தங்கம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜெபராணி